டாங்கிக்குச் சக்கரமும் ட்ராக்கும் செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

போன மாதம் தெரிந்த பையன் ஒருவன் ஷூ டப்பாவில் இரண்டாம் உலகப் போர்க்கால சோவியத் டி-34 டாங்கி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். 1/56 அளவு. 28 மி.மீ. வீரர்களோடு மேசையில் போர் விளையாடுவதற்காக அவனே பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டியது. உடலும் கோபுரமும் அருமை. அப்புறம் கீழே பார்த்தேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் அடித்த கூத்தெல்லாம் அங்கே வரிசையாக நின்றன.

பசையைக் குறைவாகப் போடு, மழுங்கிய பிளேடை மாற்று என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதை விரலே இரண்டாவது நாள் சொல்லிக் கொடுத்துவிடும்.

டி-34க்குப் பல் வைப்பது

பழைய சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிய பல்சக்கரத்தை ஸ்ப்ராக்கெட்டாக, அதாவது ட்ராக் எனும் சங்கிலிப் பட்டையை இழுத்து ஓட்டும் இயக்குசக்கரமாக, ஒட்டியிருந்தான். "பல் இருந்தாத்தானே அங்கிள் செயின் ஓடும்?" என்றான். நியாயமான கேள்விதான், ஆனால் டி-34 அப்படி ஓடுவதில்லை. அதன் பின்பக்க இயக்குசக்கரம் இரண்டு தட்டுகள் சேர்ந்தது. தட்டுகளுக்கு நடுவே ஆறு உருளைகள். ட்ராக்கின் உட்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளை அந்த உருளைகள் பிடித்து இழுக்கும். ஒரு பக்கத்துக்கு 72 கண்ணிகள், ஒன்றுவிட்டு ஒன்றில்தான் கொம்பு. ஆகவே இரண்டு வட்டத் தட்டும் நடுவே ஆறு துண்டுக் கம்பியும் போதும், பல் வெட்டுவதைவிடச் சுலபம். அமெரிக்க ஷெர்மனுக்கும் ஜெர்மன் டைகருக்கும் வெளியே பல் உண்டு, அவற்றுக்கு இயக்குசக்கரம் முன்னால். டி-34, இன்னொரு சோவியத் டாங்கியான கேவி, பிரிட்டிஷ் குரோம்வெல் மூன்றுக்கும் பின்னால். இதை மாற்றி வைத்தால் டாங்கியே திரும்பி நிற்கிற மாதிரி இருக்கும்.

ட்ராக்கை முதலில் வெட்டுவது

கணக்கு என்னவோ கச்சிதமாகத்தான் வரும். டி-34 ட்ராக்கின் அகலம் 500 மி.மீ., 56ஆல் வகுத்தால் 9 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஒரு கண்ணி 172 மி.மீ., அதாவது நமக்கு 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. 72 கண்ணிக்கு மொத்தம் 221 மி.மீ. இதை நம்பி வெட்டினால் கடைசியில் அரைக் கண்ணி மிஞ்சும் அல்லது பற்றாமல் போகும், ஏனென்றால் நம் சக்கரங்கள் வரைபடத்தில் இருக்கிற இடத்தில் ஒருநாளும் உட்காருவதில்லை. சக்கரங்களை ஒட்டி முடித்தபின் ஒரு நூலைச் சுற்றி அளந்துவிட்டு வெட்டுங்கள். இணைப்பு அடிப்பக்கம் வரட்டும்.

இன்னொன்று. டி-34க்கு மேலே தாங்குருளைகள் கிடையாது. ட்ராக் தொய்ந்து ஓடுசக்கரங்களின் (நடுவே வரிசையாக நிற்கும் பெரிய சக்கரங்கள்) தலைமேலேயே படுத்திருக்கும். பையனுடையது வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது.

கண்ணி கண்ணியாகச் செய்வது

வேண்டாம். ஆட்டத்தில் ஆளாளுக்குத் தூக்குவார்கள், உதிர்ந்துவிடும். சன்ன நெளிவு அட்டையின் மேல்தாளை நனைத்து உரித்து, நெளிவு வெளியே தெரிய ஒட்டி, மேலே நீர்த்த ஃபெவிகால் பூசினாலே போதும்.

சிலிகோனைச் சோதிக்காமல் ஊற்றுவது

இதை எழுதும்போது இன்னும் வயிறு எரிகிறது.

டி-34க்குப் பக்கத்துக்கு ஐந்து ஓடுசக்கரம், ஒவ்வொன்றும் இரட்டைத் தட்டு. ஒரு டாங்கிக்கு 20 தட்டு, மூன்று டாங்கி வேண்டுமென்றால் 60. கையால் அறுபது செய்தால் அறுபதும் அறுபது விதமாக வரும். எனவே ஒரே ஒரு மாஸ்டர் (மூல மாதிரி) செய்து, இறுகினால் ரப்பர் மாதிரி ஆகும் சிலிகோனில் அச்செடுத்து, அதில் ரெசின் (இறுகும் திரவப் பிளாஸ்டிக்) ஊற்றுவதுதான் வழி. நானும் அப்படித்தான் இறங்கினேன். 830 மி.மீ. விட்டமுள்ள சக்கரம், 1/56இல் 15 மி.மீ.க்குக் கொஞ்சம் கீழே. ஆரங்கள், குழிகள், நடுவே போல்ட் தலைகள் என்று மூன்று வாரம் மாலை நேரமெல்லாம் அதிலேயே போனது.

அச்சு இரண்டு பாதியாக வர வேண்டும் என்று ஸ்டேஷனரிக் கடைக் களிமண்ணை வாங்கி, மாஸ்டரைப் பாதி புதைத்தேன். (பின்பக்கம் தட்டையான சக்கரம். ஒற்றை அச்சே போதும். வித்தை காட்ட ஆசை.) விலை அதிகமான பிளாட்டினம் வகைச் சிலிகோன் ஒரு கிலோ வாங்கியிருந்தேன். சரிக்குச் சரி கலந்து ஊற்றிவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் மேலே கெட்டியாக இருந்தது. பிரித்தால், களிமண்ணைத் தொட்ட இடமெல்லாம் தேன் மாதிரி ஒழுகியது. நேரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு நாள் வைத்தேன். வெயிலில் வைத்தேன். ஹேர் டிரையர் பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை, நடக்கவும் நடக்காது. பல மாடலிங் களிமண்களில் கந்தகம் இருக்கிறது. பிளாட்டினம் வகை இறுகுவதற்குக் காரணமான வினையூக்கியை அந்தக் கந்தகம் முடக்கிவிடும். ஒருமுறை முடங்கியது திரும்ப எழாது. லேடெக்ஸ் கையுறையும் இதே வேலையைச் செய்யும், டின் (வெள்ளீய) வகைச் சிலிகோனின் மிச்சம் ஒட்டிய பாத்திரமும் அப்படியே.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மாஸ்டரில் அப்பியிருந்த பிசினைத் துடைக்கப் பெயிண்ட் தின்னரை எடுத்தேன். மாஸ்டர் செய்த பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தின்னரில் கரையும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆத்திரத்தில் மறந்துபோனது. மூன்று வார ஆரங்கள் மூன்று நிமிஷத்தில் கூழாகின.

ஆகவே: களிமண் வாங்கும்போது கந்தகம் இல்லாதது என்று அட்டையில் போட்டிருக்கிறதா பாருங்கள். வினைல் கையுறை போடுங்கள். எப்படியிருந்தாலும் மாஸ்டரில் கண்ணில் படாத ஓரத்திலும் களிமண்ணிலும் ஒரு சொட்டு கலந்த சிலிகோனை வைத்து, அது இறுகிய பிறகே மீதியைக் கலக்குங்கள். இத்தனை தொல்லை வேண்டாமென்றால் டின் வகை இருக்கிறது. நாளாக ஆகக் கொஞ்சம் சுருங்கும், அச்சின் ஆயுளும் குறைவு. ஆனால் களிமண்ணோடு சண்டைக்குப் போகாது. அறுபது சக்கரத்துக்கு அது தாராளம். நான் இப்போது அதைத்தான் வாங்குகிறேன்.

கண்ணால் பார்த்துச் சக்கரம் ஒட்டுவது

ஒரு சக்கரம் அரை மி.மீ. தூக்கினாலும் டாங்கி ஆடும். உடலைச் சரியான உயரத்தில் முட்டுக் கொடுத்துத் தரை டைல்ஸ் மேல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரமும் டைல்ஸைத் தொட்டபடி ஒட்டுங்கள்.

டைகருக்கு எல்லாச் சக்கரமும் செய்வது

ஆரம்பகால டைகருக்குப் பக்கத்துக்கு எட்டு அச்சுத்தண்டு, தண்டுக்கு மூன்று சக்கரம். மொத்தம் 48. உள்வரிசையை எவன் குனிந்து பார்க்கப் போகிறான்? வெறும் வட்டம் போதும்.

சக்கரம் சேரவில்லை என்று தூக்கி எறிவது

பையன் முதலில் வெளியே ரப்பர் இல்லாத முழு இரும்புச் சக்கரமாக ஆறு செய்திருக்கிறான். அப்புறம் வேறொரு படத்தில் ரப்பர் விளிம்பைப் பார்த்துவிட்டு, தான் செய்தது தப்பு என்று அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டுப் பத்தையும் புதிதாகச் செய்தானாம். 1942 வாக்கில் சோவியத் தொழிற்சாலைகளில் ரப்பருக்குப் பஞ்சம். முதலாவதும் ஐந்தாவதும் ரப்பர் விளிம்பு, நடுவில் மூன்றும் இரும்பு என்று அப்போது நிறைய டி-34கள் ஓடின. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நடுச்சக்கரம் ஆறு.

"குப்பை லாரி நாளைக்குத்தான் அங்கிள் வரும்" என்று சொல்லிவிட்டு டப்பாவைக்கூட மூடாமல் ஓடினான்.