உப்புக் காற்று ஊரில் டூயல் ஸ்போர்ட் வண்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம், மண்டபம், கீழக்கரைப் பக்கம் ஒர்க்‌ஷாப்புகளில் இப்போது, தாரிலும் மண்பாதையிலும் ஓடும் டூயல் ஸ்போர்ட் வண்டிகளான ஹீரோ எக்ஸ்பல்ஸும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனும் சாதாரணமாகக் கண்ணில் படுகின்றன. கூடவே, புதிதாக வாங்கியவர்கள் பழைய ஆட்கள் செய்த அதே தவறுகளை ஒன்று விடாமல் திரும்பச் செய்வதும் கண்ணில் படுகிறது. ஹெல்மெட், இன்சூரன்ஸ், நேரத்துக்கு ஆயில் மாற்றுவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடலாம். இந்தக் கடற்கரையில், இந்த வகை ஒற்றை சிலிண்டர் வண்டியில், காசைக் கரைக்கும் தவறுகள் மட்டும் இங்கே.

கால் எட்டவில்லை என்று சஸ்பென்ஷனை இறக்குவது

ஹிமாலயன் 411-இன் சீட் உயரம் 800 மி.மீ., எக்ஸ்பல்ஸ் 200 4வி 825 மி.மீ. அதன் புரோ மாடல் 891 மி.மீ. ஷோரூமில் ஏறி உட்கார்ந்து, இரண்டு குதிகாலும் தரையில் பதியவில்லை என்றதும் பயம் வந்துவிடுகிறது. வாங்கிய மாதமே பின் சஸ்பென்ஷனை 30, 40 மி.மீ. இறக்கி விடுகிறார்கள். முன் ஃபோர்க்கை அதற்கு ஏற்ப இறக்காமல் விடுவதால் ஹேண்டில் மந்தமாகிறது. சைடு ஸ்டாண்டு நீளமாகிப்போய், வண்டி நேராக நின்று, கடல் காற்றில் மறுபக்கம் விழுகிறது. எந்த 220 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸுக்காக வாங்கினார்களோ அதுவும் போய்விடுகிறது.

இந்த வண்டிக்கு ஒரு கால் தரையில் நன்றாக ஊன்றினால் போதும். இடுப்பை லேசாக ஒரு பக்கம் நகர்த்தி நிறுத்தப் பழக இரண்டு வாரம் ஆகும். அதற்கும் எட்டாதவர்கள் சீட் கவர் கடையில் ஃபோமை 20 மி.மீ. செதுக்கச் சொல்லலாம். பிடிக்காவிட்டால் பழையபடி வைத்துக்கொள்ள முடிகிற வேலை அது.

ஈசிஆருக்கு மண்பாதைக் கட்டை டயர்

வேண்டாம். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை தார்ச்சாலை. ஓடுவதில் பெரும்பங்கு தாரில்தான் என்றால் கம்பெனி டயரே போதும். மழையில் கட்டை டயருக்குப் பிடிமானம் குறைவு.

மாற்று டியூப் இல்லாமல் கிளம்புவது

இந்த மாவட்டம் முழுக்கச் சீமைக் கருவேலம். வெட்டிப்போட்ட கிளை காய்ந்து கிடக்கும் மண்பாதையில், முள் எந்த டயரையும் ஏறும். ஸ்போக் வீல் வண்டிகளில் பெரும்பாலும் டியூப்தான், அதனால் டியூப்லெஸ் மாதிரி குச்சி சொருகிவிட்டு வர முடியாது. கிராமத்துப் பஞ்சர் கடையில் 21 இஞ்சு டியூப் இருக்காது.

கையில் ஒரு 21 இஞ்சு டியூப் இருக்கட்டும். அவசரத்துக்கு அதையே பின் சக்கரத்துக்குள் (எக்ஸ்பல்ஸில் 18 இஞ்சு, ஹிமாலயன் 411-இல் 17 இஞ்சு) மடிப்பு விழாமல் அடக்கி வீடு வந்து சேரலாம். இரண்டு டயர் லீவர், இரு ஆக்ஸிலுக்கும் பொருந்தும் ஸ்பேனர், கை பம்பு, கொஞ்சம் பேட்ச்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கருவேல முள் டயருக்குள் ஒடிந்து நிற்கும், வெளியிலிருந்து தெரியாது. புது டியூப் போட்ட 2 கி.மீ.யில் மறுபடி காற்று இறங்குவது இதனால்தான். டயரின் உட்பக்கம் முழுக்க ஒரு பழைய துணியால் மெதுவாகத் துடையுங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும். அதைக் குறடால் உள்ளிருந்து வெளியே தள்ளிய பிறகே டியூப் போட வேண்டும்.

கடலுக்குப் போய் வந்து வாட்டர் சர்வீஸுக்கு விடுவது

இந்தக் கட்டுரைக்குக் காரணமே இந்தத் தவறுதான். எத்தனை முறை சொன்னாலும் நடந்துகொண்டே இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடி அல்லது அரியமான். சக்கரம் முழுக்க ஈர மணல். திங்கட்கிழமை ரோட்டோர வாட்டர் சர்வீஸ். அங்கே போர் தண்ணீர், பிரஷர் கன், கடைசியில் வண்டி முழுக்க டீசல் ஸ்ப்ரே. வண்டி பளபளவென்று வெளியே வருகிறது, உரிமையாளருக்கு மனநிறைவு. இந்த மூன்றுமே தவறு. மூன்றும் சேர்ந்தால், கடல் ஒரு வருடத்தில் செய்வதை நாலு மாதத்தில் செய்துவிடும்.

முதலில் தண்ணீர். நம் கரையில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மி.கி. உப்பு. அதைக் கழுவ, ஆயிரக்கணக்கில் உப்பு உள்ள இன்னொரு தண்ணீரை ஊற்றினால், காய்ந்த பிறகு மிஞ்சுவதும் உப்புதான். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 500 மி.கி., வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் இல்லையென்றால், ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடியில் காயவிட்டுப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்தால் அந்தத் தண்ணீர் வண்டிக்கு ஆகாது.

"காஞ்சிருச்சுல்ல அண்ணே, அப்புறம் என்ன துருப் பிடிக்கும்?" என்று கேட்பார்கள். உப்பு காய்ந்தபடியே இருப்பதில்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீர்த்துவிடும். கடல் உப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிகூட வேண்டாம். கரையோரத்தில் ராத்திரி ஈரப்பதம் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் நிறுத்திய வண்டியும் ஒவ்வொரு ராத்திரியும் நனைகிறது, ஒவ்வொரு பகலும் காய்கிறது. துருவுக்கு இதைவிட வசதி கிடையாது.

அடுத்தது பிரஷர். ஃபோர்க் சீல், வீல் பேரிங் சீல், பின் சஸ்பென்ஷனின் இணைப்பு மூட்டுகளான லிங்கேஜில் உள்ள சீல் எல்லாம் தெறிக்கும் தண்ணீரைத் தடுக்கத்தான். ஒரு முழ தூரத்திலிருந்து கன் அடித்தால் சீலின் உதடு மடங்கி, தண்ணீர் உள்ளே போய்விடும். உள்ளே போனது வெளியே வராது. கிரீஸோடு கலந்து பால் நிறமாகிறது, பிறகு பேரிங் ஊசிகளில் குழி விழுகிறது. ஹிமாலயன் போல லிங்கேஜ் உள்ள வண்டியில் இது வெளியில் தெரியவே தெரியாது. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திப் பின் சக்கரத்தைக் கையால் மேலே இழுத்துப் பாருங்கள். 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் வேலை முடிந்துவிட்டது என்று பொருள், பேரிங்கும் புஷ்ஷும் செட்டாக மாற்ற வேண்டும்.

மூன்றாவது டீசல். ரப்பர் புஷ், ஹோஸ் எல்லாவற்றையும் ஊதவைக்கும். மேலே எண்ணெய்ப் படலம் நிற்பதால் அடுத்த முறை மணல் ஒட்டிக்கொண்டு அரைக்கும். டிஸ்க்கில் பட்டால் பிரேக்கே பிடிக்காது.

வயரிங் சேதம் இன்னும் மோசம், ஏனென்றால் யாரும் அங்கே தேடுவதில்லை. கீழக்கரைப் பக்கம் ஒரு வண்டி, கியர் போட்டதும் நின்றுவிடும். பேட்டரி மாற்றினார்கள், ஃப்யூயல் பம்பு மாற்றினார்கள், அதற்குமேல் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு விலையும் கேட்டுவிட்டார்கள். கடைசியில் சைடு ஸ்டாண்டு சுவிட்சின் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருந்தது. ஸ்டாண்டு இறங்கியே இருப்பதாக நினைத்து வண்டி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருந்தது. சுத்தம் செய்து கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் வைத்ததும் சரி. பம்புக்குக் கொடுத்த காசு திரும்பவில்லை.

கழுவும் முறை இது. அன்றைக்கே கழுவ வேண்டும், மறுநாள் அல்ல. எஞ்சின் ஆற அரை மணி நேரம் விடுங்கள். நல்ல தண்ணீர் நாலு குடம் போதும். குடம் காசு கொடுத்து வாங்கும் தெருவில் அதுவும் கஷ்டம் என்றால், மொட்டை மாடி மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்கலாம். வயலில் மருந்து அடிக்கும் 16 லிட்டர் கை ஸ்பிரேயர், இதுவரை மருந்தே ஊற்றாத புதியது, ஒன்று இருந்தால் ஒரே நிரப்பில் உப்பை இறக்கிவிடலாம். அதன் அழுத்தம் சீலைத் தாண்டாது.

முதல் சுற்றில் சோப்பு வேண்டாம், வெறும் தண்ணீர், கீழிருந்து மேலே. ஒவ்வொரு ஸ்போக் நிப்பிளும், முன் மட்கார்டின் உட்புறம், ரேடியேட்டர் அல்லது ஆயில் கூலரின் இடுக்கு, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் உள்பக்கம், ஸ்டாண்டு, ஃபுட்ரெஸ்ட் கீல், காலிப்பர். எஞ்சினுக்கு அடியில் உள்ள காப்புத் தகடான பேஷ் பிளேட்டை மாதம் ஒருமுறை கழற்றுங்கள். அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே ஈர மணல் கட்டியாக உட்கார்ந்திருக்கும். அதன்பின் ஷாம்பூ, மறுபடி தண்ணீர். துடைத்துவிட்டு 10 நிமிடம் ஓட்டி, பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்துக் காயவையுங்கள்.

செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே லூப் அடித்து, கால் மணி நேரம் கழித்து மேலே நிற்பதைத் துடைத்தெடுங்கள். மணல் ஊரில் செயின் மேல் எண்ணெய் வழிந்தால் அது அரைக்கும் பசை. செயினைச் சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் சரி, பெட்ரோல் கூடாது. கீல்களுக்கும் கனெக்டர்களுக்கும் ஈரத்தை விரட்டும் ஸ்ப்ரே, டிஸ்க்கில் படாமல். லிங்கேஜையும் ஸ்விங்ஆர்ம் பிவட்டையும் 6 மாதத்துக்கு ஒருமுறை பிரித்துக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். மெக்கானிக் "இப்ப என்ன அவசரம் தம்பி" என்பார். கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

கடற்கரைக்கே போகாதவர்களும் தப்ப முடியாது. பாம்பனிலிருந்து வரும் மீன் லாரிகளில் ஒழுகும் ஐஸ் தண்ணீர் உப்புத் தண்ணீர்தான். அந்த லாரிக்குப் பின்னால் 10 கி.மீ. வந்தால், அது கடலில் இறக்கியதற்குச் சமம்.

வெள்ளையாகக் காய்ந்த தரையை நம்புவது

தனுஷ்கோடி, வாலிநோக்கம் போன்ற இடங்களில் ஓதம் ஏறி இறங்கும் களர் தரை மேலே வெள்ளையாக, கெட்டியாகத் தெரியும். உப்புப் பூத்திருக்கிறது என்றாலே அடியில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். இறங்கி நடந்து, குதிகாலால் ஓங்கி மிதித்துப் பாருங்கள். ஓடு உடைந்து கறுப்புச் சேறு வந்தால் திரும்பிவிடுங்கள்.

புதைந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரை முறுக்காதீர்கள். ஆக்ஸில் வரை இறங்கும், கிளட்ச் பிளேட்டும் கருகும். வண்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, சக்கரம் தோண்டிய குழியை மணலும் தழையும் போட்டு நிரப்பி, பிறகு தூக்கி நிறுத்துங்கள்.

இளமணலில் டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கலாம். டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் இல்லாத வண்டியில் 15-க்குக் கீழே போனால் டயர் ரிம்மில் வழுக்கி, டியூபின் வால்வைப் பிய்த்துவிடும். தாருக்கு ஏறும் முன் பழைய அளவுக்கு ஏற்றியே தீர வேண்டும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். முட்டைக்குழி மேலே இருந்து பார்த்தால் தெரியாது, சக்கரம் ஏறினால் போச்சு. அந்த மாதங்களில் கரை மணலில் வண்டியே வேண்டாம். 2017-இல் திறந்த தார்ச்சாலை அரிச்சல்முனை வரை போகிறது.

பாம்பன் பாலத்தில் டாப் பாக்ஸ்

பின்னால் பொருத்தும் இந்தப் பெட்டியை ஆடிக் காற்றில் கழற்றி வைத்துவிடுங்கள். காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் பழைய ரயில் பாலத்தில் ரயிலையே நிறுத்தினார்கள்.

பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடுவது

ஈரம் உள்ளேயே நிற்கும். கொட்டகை நிழல் போதும்.

ஏர் ஃபில்டரை வெளியிலிருந்து ஊதுவது

வெளிப்பக்கத்திலிருந்து காற்றடித்தால் தூசி பேப்பருக்குள் இன்னும் ஆழமாக ஏறும். உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில் ஊத வேண்டும். மணல் பாதையில் அதிகம் ஓடுகிறவர்கள் கம்பெனி சொல்லும் இடைவெளியில் பாதியிலேயே மாற்றிவிடலாம். ஃபில்டர் உட்காரும் விளிம்பில் மெல்லிசாகக் கிரீஸ் தடவினால் நுண்மணல் ஓரத்தில் புகாது. ஒற்றை சிலிண்டரில் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டால் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ள வேறு சிலிண்டர் இல்லை. புகையும், ஆயில் குறைவதும் உடனே தெரியும்.

கிலோமீட்டரை மட்டும் பார்த்துப் பழைய வண்டி வாங்குவது

ஹிமாலயன் 411 2016-இல் வந்து, 450 வந்ததும் நின்றுபோனது. இனி அது பழைய வண்டிச் சந்தையில்தான். 12,000 கி.மீ. ஓடிய கரையோர வண்டியைவிட, 40,000 ஓடிய மதுரை வண்டி நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். ஃபோர்க் பைப்பில் சீலுக்கு மேலே விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டினால் குழி விழுந்திருக்கிறது, எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகும். ஸ்போக்குகளை ஒரு ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல ஸ்போக் கணீரென்று ஒலிக்கும். மந்தமாகச் சத்தம் வந்தால் லூஸ், நிப்பிளும் திரும்பாமல் இறுகியிருந்தால் சக்கரத்தையே மறுபடி கட்ட வேண்டும். சீட்டைக் கழற்றிக் கனெக்டர்களில் பச்சை இருக்கிறதா என்று பாருங்கள். பேஷ் பிளேட்டின் ஒரு போல்ட்டைக் கழற்ற அனுமதி கேளுங்கள். உள்ளிருந்து கடல் மணல் கொட்டினால், விற்பவர் "பீச் பக்கமே போனதில்ல" என்று சொன்னாலும், விலையில் லிங்கேஜ் செட், வீல் பேரிங், செயின் ஸ்ப்ராக்கெட் மூன்றின் செலவையும் கழித்துக்கொண்டே பேச்சைத் தொடங்குங்கள்.