ரீயூனியன் போறீங்களா? நாங்க சொதப்பினதையெல்லாம் கேட்டுட்டு போங்க

போன வருஷம் எங்க பேட்ச்சோட 25 வருஷ ரீயூனியன். திருச்சி ஆர்.இ.சி இன்ஜினியரிங் காலேஜ், 2000 பாஸ் அவுட். (2003-லயே என்.ஐ.டி ஆயிடுச்சு, ஆனா எங்க பேட்ச்ல எவனும் வாய் தவறிக்கூட அப்படி சொல்லமாட்டான்.) ரெண்டு நாள்ல நாங்க பண்ண கூத்தைப் பாத்தப்புறம் இதை எழுதிடணும்னு தோணுச்சு.

மொதல்ல பணம். குரூப்ல "கண்டிப்பா வர்றேன் மச்சி"ன்னு கட்டைவிரல் போட்டுட்டு காசு அனுப்பாம இருக்காதீங்க, ஹோட்டல், சாப்பாடு, டீஷர்ட் எல்லாத்துக்கும் எவனோ ரெண்டு பேரு கைக்காசு போட்டு அட்வான்ஸ் குடுத்திருப்பான். ட்ரெயின் டிக்கெட்டும் 120 நாள் முன்னாடி போடலாம்ங்கற பழைய நெனப்புல இருக்காதீங்க, 2024 நவம்பர்ல இருந்து 60 நாள்தான். வெள்ளிக்கிழமை மலைக்கோட்டை எக்ஸ்பிரஸுக்கு லேட்டா போட்டா வெயிட்டிங் லிஸ்ட்தான்.

அடுத்தது வாத்தியாருங்க. "சார், நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" - இத மட்டும் தயவுசெஞ்சு கேக்காதீங்க. எங்க சார் ரிட்டயர் ஆகி பல வருஷமாச்சு, பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துட்டு வர்றவன் எல்லாரையும் பாத்து "ஆங், தெரியுமே"ன்னு சிரிக்கறாரு, ஆனா கண்ணு மட்டும் நம்ம கழுத்துல தொங்கற பேட்ஜ தேடுது, அதுவும் திரும்பிக் கெடக்கு. பாவமா இருந்துச்சு. அப்புறம் ஒருத்தன் போனான், "சார், 2000 பேட்ச் மெக்கானிக்கல், உங்க தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல அரியர் வச்சவன்"னு பேரையும் சேத்து சொன்னான். மனுஷன் நிமிந்து உக்காந்துட்டாரு. "எத்தனாவது அட்டெம்ப்ட்ல க்ளியர் பண்ணே?"

எங்க கிளாஸ்ல நாலே பொண்ணுங்க, வந்தது ரெண்டு பேரு. அதுல ஒருத்தி பவர் பிளான்ட்ல கமிஷனிங் ஹெட், நூறு பேர மேய்க்கறவ. அவகிட்ட போய் வரிசையா ஒவ்வொருத்தனும் "ஹஸ்பண்ட் என்ன பண்றாரு?"ன்னே கேட்டா? அஞ்சாவது ஆளுக்கு "இந்நேரம் சமைச்சு முடிச்சிருப்பாரு"ன்னு பதில் வந்துச்சு. நல்லா வேணும்.

பட்டப்பேரும் அப்படித்தான், தனியா இருக்கப்ப எவ்ளோ வேணா கூப்பிடுங்க, கூட பொண்ணு, பையன் நிக்கறப்ப வேணாம். எல்ஐசி பாலிசி, பிளாட் விக்கறது, ஸ்டார்ட்டப்புக்கு ஃபண்ட் கேக்கறது இதெல்லாம் ரெண்டு நாள் வீட்லயே வச்சுட்டு வாங்க.

ஆர்.இ.சி ஆளுங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு. அங்க பாதி சீட் வெளி மாநிலத்துக்குங்கறதால பேட்ச்ல பாதி பேருக்கு தமிழ் அரைகுறைதான், ஆனா நைட்டு ஆக ஆக நம்மாளுங்க தமிழ்ல கும்மியடிக்க ஆரம்பிச்சுடறோம், ஒடிசால இருந்து ரெண்டு ட்ரெயின் மாறி வந்தவன் என்ன ஜோக்குன்னே தெரியாம நாம சிரிக்கறப்பல்லாம் கூடவே சிரிச்சுட்டு உக்காந்திருக்கான். நடுநடுவுல அவனுக்கும் சொல்லுங்கப்பா.

கடைசியா நான் பண்ணது. மத்தியானம் சாப்பாட்டு லைன்ல நின்னுட்டு, "எங்கடா உன் ரூம்மேட்டு, பெரிய ஆளாயிட்டானா, வரமாட்டானா?"ன்னு சத்தமா கேட்டேன். சாம்பார் கரண்டிய தூக்கினவன் அப்படியே நின்னுட்டான். "ரெண்டு வருஷம் ஆச்சுடா. குரூப்ல போட்டோமே." அந்த குரூப்ப நான் மியூட்ல வச்சிருந்தேன். கெளம்பறதுக்கு முன்னாடி ஏற்பாடு பண்றவங்கள்ல ஒருத்தருக்கு போன் போட்டு யார் யாரு இல்ல, யாருக்கு டைவர்ஸ் ஆச்சு, யாருக்கு உடம்பு சரியில்லன்னு கேட்டுக்கங்க. பத்து நிமிஷ வேலை.

சாயங்காலம் நாங்க மூணு பேரு அவங்க ரெண்டு பேரும் இருந்த ஹாஸ்டல் ரூமப் பாக்கப் போனோம். நீங்களும் போவீங்க, அதனால சொல்றேன், வார்டன்கிட்ட சொல்லிட்டுப் போங்க, கதவத் தட்டுங்க, நம்ம ரூம்னு நெனச்சு தள்ளிட்டுப் போகாதீங்க. நாங்க தள்ளிட்டோம். உள்ள ஒரு செகண்ட் இயர் பையன், அவசர அவசரமா கொடில கெடந்த துணிய உருவி கட்டிலுக்கு அடில தள்ளிட்டு, "உள்ள வாங்க அங்கிள்"னான்.