வக்கீலிடம் போகும் முன் பீரோவைத் திறந்து பாருங்கள்

நான் கும்பகோணத்தில் வக்கீல் குமாஸ்தா. விவாகரத்து கேட்டு வருகிறவர்கள் என் மேஜையைத் தாண்டித்தான் வக்கீல் அறைக்குள் போக வேண்டும். பெரும்பாலும் கையில் கல்யாணப் பத்திரிகையும் நெஞ்சு நிறையக் கோபமுமாக வருவார்கள். பத்திரிகை உதவும். கோபத்தையும் வக்கீல் கேட்டுக்கொள்வார், ஆனால் மனு எழுத அவருக்குத் தேதி வேண்டும். "எப்பவும் அடிப்பார்" என்றால் எழுத ஒன்றுமில்லை. "போன தை அறுவடை சமயத்தில் அடித்தார், அரசு ஆஸ்பத்திரியில் தையல் போட்டோம், சீட்டு இருக்கிறது" என்றால் வக்கீல் பேனாவை எடுப்பார்.

அதனால் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: கல்யாணத் தேதி, இடம், பிள்ளைகளின் பிறந்த நாள், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், பிரிந்த தேதி. பிரிந்த தேதி முக்கியம். இந்து திருமணச் சட்டப்படி இருவரும் சம்மதித்துப் பிரிவதானால், ஓராண்டு தனித்தனியாக வாழ்ந்த பிறகுதான் மனுப் போட முடியும். போட்ட பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்; தகுந்த வழக்குகளில் அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்று நீதிமன்றம் விட்டுவிடலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு.

எங்கள் பக்கத்தில் பெரிய சண்டை நகையில்தான். மருமகள் போட்டுவந்த நகை குறுவை நடவுச் செலவுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகுக்குப் போகும். கடன் கணவர் பேரிலோ மாமனார் பேரிலோ இருக்கும். அப்புறம் "அது எங்கள் வீட்டு நகை" என்பார்கள். பிறந்த வீட்டில் போட்டது சீதனம், பெண்ணின் சொத்து. யார் அடகு வைத்தாலும் அந்த உரிமை போகாது. ஆனால் நிரூபிக்க வேண்டுமே! நகைக்கடை பில்லைத் தேடுங்கள். அடகுச் சீட்டு கண்ணில் பட்டால் போட்டோ எடுங்கள். பில் இல்லையா, கல்யாண வீடியோவைப் போட்டு, மணவறையில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நிறுத்தி, எந்த ஆரம், எந்த வளையல், எத்தனை பவுன் என்று அப்பா அம்மாவோடு உட்கார்ந்து எழுதுங்கள். வீடியோ எடுக்கக் கொடுத்த காசுக்கு இதுவாவது மிச்சம்.

ஜீவனாம்சம் என்று வந்தால் "விவசாயம்தான், வருமானமே இல்லை" என்ற பதில் தயாராக இருக்கும். நிலம் எந்த ஊரில், பட்டா யார் பேரில், கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் எந்த வங்கிக் கணக்குக்கு வருகிறது என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்பது 2020-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆண்களுக்கும் சொல்கிறேன், மறைக்கிற கணக்கு எப்படியும் மாட்டும்.

புகுந்த வீடு மன்னார்குடி, இப்போது இருப்பது பாபநாசத்தில் அம்மா வீடு என்றால் மன்னார்குடிக்கு அலைய வேண்டாம். மனைவி தான் வசிக்கும் இடத்துக்கு உரிய நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம்.

கூட வரும் மாமா, பெரியப்பாவை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போங்கள். அவர்கள் பக்கத்தில் இருந்தால் பாதி விஷயம் வெளியே வராது. உங்கள் பக்கத் தப்பையும் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். கட்சிக்காரர் சொன்னதை அவர் வெளியே விடக் கூடாது என்பது சட்டம். எதிர்த்தரப்பு வாயிலிருந்து அவர் முதல்முறை கேட்டால்தான் வில்லங்கம்.

ஃபீஸ் மொத்தமா, வாய்தாவுக்கு வாய்தாவா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பணம் இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.

வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் வக்காலத்தில் கையெழுத்துப் போடலாம், வெற்றுத் தாளில் வேண்டாம். முதல் நாள் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். ஒரிஜினல் உங்களிடமே இருக்கட்டும், நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய நாளில் நானே போன் செய்வேன்.