"இவள் சரியான கூச்சம் ரீச்சர்"

முன்பள்ளியில் முதல் நாள். மூன்று வயதுப் பிள்ளையொன்று அம்மாவின் சட்டையைப் பிடித்தபடி பாதி முகம் மட்டும் தெரிய நிற்கிறாள். "உங்கட பெயர் என்னம்மா?" என்று குனிந்து கேட்கிறேன். அவள் வாய் திறக்கிறது. ஆனால் பதில் மேலேயிருந்து வருகிறது: "இவள் சரியான கூச்சம் ரீச்சர். வீட்டிலதான் வாய்." திறந்த வாய் மூடிக்கொள்கிறது. மீதி முகமும் சட்டைக்குள் போய்விடுகிறது.

திருகோணமலையில் சின்னப் பிள்ளைகளோடு இருந்த இத்தனை வருஷத்தில் நான் அதிகம் கண்ட தவறு இதுதான். 'நான் யார்' என்பதைப் பிள்ளை தனியே இருந்து யோசித்துக் கண்டுபிடிப்பதில்லை. சுற்றியிருப்பவர்கள் தன்னைப் பார்க்கும் விதத்திலிருந்தும் தன்னைப் பற்றிக் கதைப்பதிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. மற்றவர்கள்தான் நாம் நம்மைப் பார்க்கும் கண்ணாடி என்று சார்ல்ஸ் கூலி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1902 இலேயே எழுதிவிட்டார். 'கூச்சம்', 'முரடு', 'அழுகுணி' என்று பிள்ளையின் தலைக்கு மேலால் திரும்பத் திரும்பச் சொன்னால் அது பிள்ளைக்கு இரண்டாவது பெயராகிவிடும். பிள்ளையிடம் யாராவது ஏதும் கேட்டால், மனதுக்குள் பத்து எண்ணும் வரை பொறுங்கள். அப்போதும் பேசாவிட்டால், "கொஞ்சம் பழகினால் கதைப்பாள்" என்றால் போதும்.

'கெட்டிக்காரி' என்பதும் முத்திரைதான். இதைச் சொன்னால் பெற்றோர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஆனால் கிளவ்டியா முல்லர், கரோல் டுவெக் என்ற இருவர் 1998 இல் வெளியிட்ட ஆய்வுகளில், மூளைசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிர்களில் தோற்றதும் சீக்கிரம் சோர்ந்துவிட்டார்கள். 'நன்றாக முயன்றாய்' என்று கேட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். அவர்கள் ஏறக்குறைய 10, 11 வயதுக்காரர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்பள்ளியில் நான் செய்வது, படத்தைப் பார்த்து "வானம் முழுக்க நீலம் தீட்டியிருக்கிறாய்" என்று கண்டதைச் சொல்வது மட்டும்.

நிறத்தைப் பற்றி நீட்டி எழுத மனமில்லை. "மூத்தவள் வெள்ளை, இது தகப்பன் மாதிரி" என்ற பேச்சைப் பிள்ளை இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். மாமி சொன்னாலும் நிறுத்துங்கள்.

அப்புறம் அந்தத் தவிட்டுக் கதை. "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது" என்று நம் வீடுகளில் சொல்லாத பெரியவர்கள் குறைவு. எனக்குச் சொன்னது கொஞ்சம் வேறு: கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் கிடந்து எடுத்தார்களாம். ஏழு கிணறுகளில் எது என்று அங்கே போகும்போதெல்லாம் தேடியிருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அது பகிடி. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பகிடிக்கும் செய்திக்கும் வித்தியாசம் பிடிபடுவது கஷ்டம்.

இன்னும் சின்னக் குழந்தைகளுக்கு வார்த்தையே தேவையில்லை, முகமே போதும். எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 1978 இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தை அசைக்காமல் சில நிமிடம் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்து அழைத்துப் பார்த்தது. தாய் அசையவில்லை என்றதும் வேறு பக்கம் திரும்பிச் சோர்ந்துவிட்டது. போன் பார்க்கும் முகமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. டச்பே கடற்கரையில் பின்னேரம் நடந்தால் தெரியும்: மடியில் குழந்தை, குழந்தையின் தலைக்கு மேலே வெளிச்சமான திரை.

இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு நொடியும் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அது இன்னொரு தவறு. சாதாரணமாகவே தாயும் குழந்தையும் அடிக்கடி ஒருவரையொருவர் தவறவிடுகிறார்கள் என்றும், தவறவிட்டதைத் திரும்பப் பிடிப்பதுதான் முக்கியம் என்றும் ட்ரோனிக்கே சொல்கிறார். அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கும்போது குழந்தை கூப்பிட்டால் "இந்தா வாறன்" என்று குரல் கொடுத்துவிட்டு, கை கழுவியதும் போனால் சரி.

வெளிநாட்டு அளவுகோலை வைத்துப் பயப்படுவதும் வேண்டாம். குழந்தைக்குத் தெரியாமல் மூக்கில் சிவப்புப் பொட்டு வைத்துக் கண்ணாடி முன் விடும் சோதனை ஒன்று உண்டு. தன் மூக்கைத் தொட்டால் தன்னை அடையாளம் கண்டுகொண்டது என்று அர்த்தம். பெரும்பாலான பிள்ளைகள் 18 முதல் 24 மாதத்துக்குள் தொடுவார்கள் என்று புத்தகங்கள் சொல்லும். ஹெய்டி கெல்லர் என்ற உளவியலாளரின் குழு 2004 இல் வெளியிட்ட ஆய்வில், முகம் பார்த்துக் கொஞ்சி வளர்த்த கிரேக்கப் பிள்ளைகள் இதில் முந்தினார்கள். உடம்போடு அணைத்துத் தூக்கி வளர்த்த கமரூன் கிராமத்துப் பிள்ளைகள் சொன்னதைக் கேட்டுத் தங்களை அடக்கிக்கொள்வதில் முந்தினார்கள். அம்மம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று கைமாறி வளரும் நம் பிள்ளைக்கும் 'நான்' வரும், அது வரும் வழி கொஞ்சம் வேறாக இருக்கலாம்.

பேசத் தொடங்கிய பிள்ளையிடம் நடக்கும் தவறு, பரீட்சை வைப்பது. "எங்க போனாய்? என்ன பார்த்தாய்? மாமிக்குச் சொல்லு!" இப்படிக் கேட்டால் ஒற்றைச் சொல்தான் வரும். பார்த்ததைச் சேர்ந்து கதையாகச் சொல்லும் வீடுகளில் பிள்ளைகளின் ஞாபகம் செழிப்பாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. 'எனக்கு நடந்தது' என்று சொல்ல ஒரு கதை இருந்தால்தானே 'நான்' நிற்கும்.

அந்தக் கூச்சக்காரி மூன்றாவது கிழமை என்னிடம் வந்தாள். கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கோட்டை வாசலடியில் மான் ஒன்று அவள் கையிலிருந்த கடலைச் சரையைப் பறித்துவிட்டதாம். "பேப்பரையும் திண்டிட்டுது ரீச்சர். நான் அழேல்ல." அம்மா பக்கத்தில்தான் நின்றார். ஏதோ சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார். பிள்ளை ஊஞ்சலுக்கு ஓடிய பிறகுதான் மெல்லச் சொன்னார்: "ஒரே அழுகை ரீச்சர். பஸ் ஸ்ராண்ட் வரைக்கும்."