மார்கழி விடுமுறையில் யாழ்ப்பாணத்து அம்மம்மா வீட்டுக்குத் தனியாகப் போகும் மாணவருக்கு

கொழும்பில் படிக்கும் ஒரு பிள்ளை ஆண்டிறுதி விடுமுறையில் தனியாக யாழ்ப்பாணம் சென்று அம்மம்மாவுடன் ஒரு கிழமை தங்க நினைத்தால், முதலில் கையில் எடுக்க வேண்டியது நாட்காட்டி. பயணச்சீட்டு அதற்குப் பிறகுதான். டிசம்பர் 16 அளவில் மார்கழி பிறக்கிறது. அம்மாதத்துத் திருவாதிரையோடு முடிவடையும் பத்து நாள்கள் திருவெம்பாவைக் காலமாகும். அந்நாள்களில் விடியுமுன்னரே ஊர்ப் பிள்ளைகள் சங்கு ஊதி, சேமக்கலம் அடித்து, திருவெம்பாவை பாடிக்கொண்டு ஒழுங்கைகளால் வருவார்கள்; பல வீடுகளில் மீனும் இறைச்சியும் குசினிப் பக்கமே வருவதில்லை. முதன்முறை தனியாகச் சென்றபோது இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. புறப்படும் மாலையில் கடையொன்றில் வாங்கிய ஆட்டிறைச்சி ரோல்ஸை ஒரு பெட்டி நிறையக் கொண்டுபோய், சாமியறைக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டேன். அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைக் கடதாசியால் பிடித்து வெளியே எடுத்துச் சென்ற சின்னம்மாதான் அந்தக் கிழமை முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஆகவே நாளைக் குறிக்குமுன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, விரத நாள்கள் எவை, குடும்பத்தில் பிறப்பு, இறப்பால் வரும் துடக்கு ஏதும் உண்டா, வெளிநாட்டிலிருந்து யாரும் வந்து தங்குகிறார்களா என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்வியை விட்டுவிட வேண்டாம். டிசம்பரில் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் குடும்பங்களால் அறைகள் நிரம்பிவிடும். உங்களுக்கு விறாந்தையில் ஒரு பாய்தான் கிடைக்கும் என்றால், அதை முன்கூட்டியே அறிந்து போவது நல்லது.

கொழும்பு கோட்டையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 1956 முதல் ஓடிய யாழ்தேவிப் புகையிரதம் 1990இல் போரினால் நின்றுபோய், 2014 ஒக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. முதற்பயணத்தைப் பகல்வேளைப் புகையிரதத்தில் செய்யுங்கள் என்பதே என் கருத்து. வவுனியா கழிந்ததும் காடும் வயலும் மாறி மாறி வர, பரந்தனைத் தாண்டியவுடன் ஆனையிறவின் நீர்ப்பரப்பு இரு பக்கமும் திறந்து, பிறகு பளையிலிருந்து தென்னையும் பனையும் நெருங்கிவருவதை இரவில் உறங்கிக்கொண்டே வருபவர்கள் காண்பதில்லை. ஆசன முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன்னரே தொடங்கிவிடும். டிசம்பர் மாத ஆசனங்கள் விரைவில் முடிந்துவிடுவதால், தொடங்கும் நாளிலேயே போவதற்கும் வருவதற்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள். முன்பதிவில் கொடுத்த இலக்கத்துக்குரிய அடையாள அட்டையைக் கையோடு கொண்டு செல்லுங்கள். இது மாரிகாலம் என்பதால் வெள்ளத்தால் பாதை தடைப்படுவதும் உண்டு. புறப்படுவதற்கு முதல் நாள் சேவை நடக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது அவசியம்.

ஆசனம் கிடைக்காதவர்களுக்குப் பேருந்து இருக்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலையில் ஏறினால் விடியற்காலையில் யாழ்ப்பாணத்தில் இறங்கலாம். குளிரூட்டிய பேருந்தென்றால் ஒரு போர்வையோ தடித்த மேற்சட்டையோ வேண்டும். யாழ்ப்பாணத்துக் குளிரைவிட அந்தப் பேருந்தின் குளிர்தான் கடுமையானது. ஏ9 வீதியால் போகும் வண்டிகள் பெரும்பாலும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்கும். இறங்கிக் கும்பிட்டுவிட்டு ஒரு பை கச்சான் வாங்குங்கள். அது வீட்டுக்குக் கொண்டுபோகும் முதற்பொருளாகவும் இருக்கும், பயணம் பாதிக்கு மேல் முடிந்தது என்பதற்கு அடையாளமாகவும் இருக்கும்.

எங்கே இறங்குவது என்பதில் பலர் தவறிவிடுகிறார்கள். அம்மம்மா வீடு யாழ்ப்பாணத்தில் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், அது கொக்குவிலிலோ இணுவிலிலோ சுன்னாகத்திலோ இருக்கக்கூடும். காங்கேசன்துறை வரை போகும் சில சேவைகள் அந்த ஊர் நிலையங்களிலும் நிற்கும். கடுகதிகள் சிறு நிலையங்களில் நிற்பதில்லை. சாவகச்சேரி, கொடிகாமம் பக்கத்தவர் யாழ்ப்பாணம் வரை போய்த் திரும்பி வரவேண்டிய தேவையே இல்லை. எனவே சீட்டு எடுக்கும்போதே நீங்கள் ஏறும் சேவை எங்கெங்கே நிற்கும் என்று கேளுங்கள்.

முகவரி அடுத்த சிக்கல். யாழ்ப்பாணத்தில் வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் தபாற்காரருக்கு உதவும். முதன்முறை போகிறவருக்கு அவ்வளவாக உதவா. ஒரே வீதியிலிருந்து கிளைகிளையாகப் பிரியும் ஒழுங்கைகளில் மதிலும் தகர வேலியும் ஒன்றுபோலவே இருக்கும். தொலைபேசி வரைபடம் சில வேளைகளில் பின்வீட்டு வேலியோடு கொண்டுபோய் நிறுத்திவிடும். ஊரார் வழி சொல்வது சந்தியையும் கோயிலையும் முடக்கையும் வைத்துத்தான். ஆதலால் எந்தச் சந்தியில் இறங்க வேண்டும், எந்தக் கோயிலுக்குப் பக்கத்து ஒழுங்கை, எத்தனையாவது முடக்கு, கேற் என்ன நிறம் என்பவற்றை அம்மம்மாவிடமே கேட்டுத் தமிழில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றோடு வீட்டுப் பெரியவர் ஒருவரின் பெயரையும் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மம்மாவை ஊர் அவர் பெயரால் அறியாமல், முன்பு அவர் படிப்பித்த பள்ளிக்கூடத்தாலோ தாத்தாவின் தொழிலாலோ அறிந்திருக்கக்கூடும். அந்த அடையாளத்தைச் சொன்னால் சந்திக் கடைக்காரர் வீட்டு வாசல் வரைக்கும் ஆளனுப்பிவிடுவார். ஓட்டோவில் போவதாக இருந்தால் ஏறுமுன்னரே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள்.

எடுத்துச்செல்லும் பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வட பகுதிக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில்தான் கிடைக்கிறது. ஆகவே குடை, நனைந்தாலும் கெடாத செருப்பு, மாற்றுடை, ஒழுங்கைக்கு ஒரு ரோச் ஆகியவை போதும். மழைக்காலத்தில் டெங்கு பெருகும் என்பதால் நுளம்புக்குப் பூசும் களிம்பும் வேண்டும். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர வேறு வலிநிவாரணி எடுக்காமல் வைத்தியரிடம் போங்கள். ஒரு விடயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆட்கள் வெளிநாடு போய்விட்டதால் பற்றைக்காடாகிக் கிடக்கும் காணிகளுக்குள் குறுக்கே நடக்க வேண்டாம். கட்டு இடிந்த பழைய கிணறுகள் அங்கே இருக்கும். மாரியில் அவை விளிம்புவரை நிரம்பி, மேலே புல் படர்ந்து, தரைபோலவே தோன்றும்.

வீட்டுக்குள் நுழைந்தபின் அந்த வீட்டின் நேரத்துக்கு உங்களை ஒழுங்குபடுத்திக்கொள்வதே இந்தப் பயணத்தின் பெரும்பகுதி. அம்மம்மா நான்கரை மணிக்கு எழும்பினால் நீங்களும் எழும்ப வேண்டும் என்பதில்லை. ஆனால் அவர் தேத்தண்ணீர் போடும் வேளைக்காவது குசினிக்கு வந்துவிடுங்கள். அவர் வாய்திறந்து கதைப்பது அப்போதுதான். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்கும் அந்த அரைமணி நேரத்தில் குடும்பத்தின் பழைய காணிப் பிணக்கிலிருந்து இடப்பெயர்வுக் காலக் கதை வரை எல்லாம் வெளிவரும். கேள்விகளை அடுக்கிப் பேட்டி எடுப்பதுபோல் கேட்டால் கதை நின்றுவிடும். தேங்காய் துருவிக்கொண்டோ வெங்காயம் உரித்துக்கொண்டோ கேட்டால் நிற்காது.

பல வீடுகளில் நாளின் அச்சாணி வெளிநாட்டு அழைப்பாகவே இருக்கிறது. குளிர்காலத்தில் ரொறன்ரோ நமக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால் நிற்பதால், இங்கே காலை 7 மணி என்பது அங்கே முதல் நாள் இரவு 8.30. மாமா வேலை முடிந்து சாப்பிட்டபின் எடுக்கும் அந்த அழைப்பு வரும் நேரத்தில் நீங்கள் குளியலறையில் இருந்துவிடாதீர்கள். உங்கள் முகத்தையும் காட்டியே ஆகவேண்டும். கைத்தொலைபேசியில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, பிள்ளைகளின் எண்களைப் படத்தோடு பதிந்து கொடுத்துவிட்டு வந்தால், அது நீங்கள் வாங்கிச்செல்லும் எந்தப் பரிசையும் விட அவருக்கு நெடுநாள் உதவும். பணமாகக் கொடுத்தால் பெரும்பாலும் மனம் நோவார்கள். சந்தைக்குப் போகும்போது நீங்களும் போய், மரக்கறிக்கான காசை முந்திக்கொண்டு கொடுத்துவிடுவது ஏற்றுக்கொள்ளப்படும்.

இனி மற்ற உறவினர்கள். யாழ்ப்பாணத்துக்கு வந்து ஒரு வீட்டில் மட்டும் தங்கிவிட்டுத் திரும்புவது இயலாத காரியம். நீங்கள் வந்த செய்தி அன்று மாலையே பெரியம்மாவுக்கும் மாமிக்கும் போய்விடும். எட்டிப் பார்க்காமல் போனால் அந்தக் குறையை நீங்கள் கேட்கப்போவதில்லை, அடுத்த கலியாண வீட்டில் உங்கள் அம்மாதான் கேட்பார். எனவே இரண்டாம் நாளிலேயே அம்மம்மாவிடம் யார் யார் வீட்டுக்குப் போகவேண்டும், எந்த வரிசையில் போகவேண்டும் என்று கேளுங்கள். வரிசை முக்கியமானது, மூத்தவர் வீடு முதலில். ஒரு நாளைக்கு இரண்டு வீடுகளுக்கு மேல் வைக்காதீர்கள், ஏனெனில் ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிடச் சொல்வார்கள், “இப்பதான் சாப்பிட்டனான்” என்ற பதிலை எவரும் ஏற்பதில்லை. சைக்கிள் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டால் கிட்டிய ஊர்களைப் பேருந்தைப் பாராமல் சுற்றி வரலாம். இருட்டியபின் ஊர்ப்பக்கம் போகும் பேருந்துகள் குறைந்துவிடுவதால், மாலைப் பயணத்தை ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

ஊர் பார்க்கும் ஆசையை இவற்றுக்கிடையே வைத்துக்கொள்ளலாம். ஒரு கிழமைக்கு மூன்று இடங்கள் போதும் என்பேன். முதலாவது பொது நூலகம். 1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஓலைச்சுவடிகளோடும் எரிக்கப்பட்டுப் பின்னர் மீளக் கட்டப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தை அம்மம்மாவின் தலைமுறையினர் ஒருவரோடு சென்று பார்த்தால், அவர்கள் எந்த மேசையில் இருந்து படித்தார்கள் என்று காட்டுவார்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில், போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி விரித்துக் கட்டிய கோட்டை இருக்கிறது. மழை விட்ட மாலையில் அதன் மதிலில் ஏறி நின்றால் கடனீரேரி முழுவதும் தெரியும். இரண்டாவது நல்லூர்க் கந்தசுவாமி கோயில். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றியே உள்ளே போகவேண்டும், படம் எடுக்க இடமில்லை. ஆவணித் திருவிழாக் கூட்டம் இல்லாத மார்கழிக் காலையில் அங்கே நிற்பது தனி அமைதி.

மூன்றாவதாகத் தீவுகள். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் துறையிலிருந்தே படகு. நயினாதீவு கிட்டத்தான், நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு அன்றே திரும்பலாம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் போகவேண்டும். காட்டுக் குதிரைகளையும் முருகைக்கல் வேலிகளையும் பார்க்க எல்லோருக்கும் ஆசைதான். ஆயினும் மார்கழிக் கடல் கொந்தளிக்கும் நாள்களில் அந்தப் பயணத்தை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். காற்று மாறினால் மறுநாள் வரை தீவிலேயே தங்க நேரிடும், அம்மம்மாவோ இரவு முழுவதும் வாசலில் இருப்பார். அதற்குப் பதிலாக மண்டைதீவுப் பக்கம் போய், இந்தப் பருவத்தில் களப்பில் வந்திறங்கும் பூநாரைகளைத் தாம்போதியில் நின்று பார்க்கலாம். செலவும் இல்லை, படகும் இல்லை.

விடுமுறை தைப் பொங்கலை ஒட்டி நீண்டால் பனங்கிழங்கு கிண்டும் காலம் வந்துவிடும். அவித்த கிழங்கைத் தும்பு நீக்கி, மிளகும் உள்ளியும் உப்பும் சேர்த்து உரலில் இடித்துத் தரும் துவையலைக் கொழும்பில் தேடினாலும் கிடைக்காது. ஓர் உருண்டை போதும் என்று சொல்லிவிட்டு மூன்று உண்ணும் பண்டம் அது.

திரும்பும்போது பை பாதியாவது வெறுமையாக இருக்கவேண்டும், ஏனெனில் அது உங்கள் விருப்பத்துக்கு நிரப்பப்படுவதில்லை. வறுத்துத் திரித்த மிளகாய்த்தூள், புழுக்கொடியல், பனங்கட்டிக் குட்டான், மோர்மிளகாய், பருத்தித்துறை வடை, போத்தலில் நல்லெண்ணெய் என்று ஒவ்வொன்றாக வரும். எண்ணெய்ப் போத்தலை இரண்டு பொலித்தீன் பைகளில் கட்டி நிமிர்த்தி வையுங்கள். கருவாட்டை மட்டும் குளிரூட்டிய பேருந்தில் கொண்டுபோக ஒப்புக்கொள்ளாதீர்கள், உடன்வரும் நாற்பது பேரின் சாபத்துக்கு ஆளாவீர்கள். வாசலில் நின்று “போறன்” என்று சொல்லக்கூடாது. “போட்டு வாறன்” என்றே சொல்லவேண்டும். கொழும்பில் இறங்கியதும், வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை காத்திராமல், நிலையத்தில் நின்றே அம்மம்மாவுக்கு அழைப்பெடுங்கள்; எந்த நேரமானாலும் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அவர் விழித்திருப்பார்.