புகைபோக்கியைத் துலக்க ஆள் அமர்த்துவதும் அதன்பின் அதைப் பேணுவதும்

குளிர்நாடுகளில் விறகு எரித்து வீட்டைச் சூடேற்றுவோர் அடுப்பை அன்றாடம் துடைக்கிறார்கள். புகைபோக்கியின் உட்புறமோ கண்ணில் படுவதே இல்லை. விறகு முழுமையாக எரியாதபோது எழும் புகையில் நீராவியோடு தார் போன்ற ஆவிகளும் கலந்திருக்கின்றன. அந்தப் புகை மேலே ஏறும் வழியில் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்துவிட்டால், ஆவிகள் குழாயின் சுவரில் ஒட்டிக் கிரியோசோட் என்னும் படிவாகின்றன. வெளிச்சுவரை ஒட்டி, மூன்று பக்கமும் பனிக்காற்றில் நிற்கும் புகைபோக்கி, வீட்டின் நடுவே எழும் புகைபோக்கியைவிட விரைவில் குளிர்வதால், அதில் இந்தப் படிவு கூடுதலாகச் சேரும்.

தொடக்கத்தில் அது விரலால் தேய்த்தால் உதிரும் கரித்தூளாக இருக்கும்; பிறகு சுரண்டினால் பெயரும் கறுப்புச் செதில்களாகும்; கவனிக்காமல் விட்டால் உருக்கி ஊற்றிய தார் போலப் பளபளக்கும் கெட்டிப் பூச்சாக மாறும். முதல் இரண்டையும் தூரிகை எடுத்துவிடும். மூன்றாவது நிலைக்குச் சுழலும் சங்கிலிக் கருவியோ வேதிப் பொருளோ தேவைப்படும். சில வேளைகளில் புகைபோக்கிக்குள் பதித்த உட்குழாயையே மாற்ற நேரும். அந்தப் பூச்சில் தீப்பிடித்தால் வெப்பம் 1,000 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடும். சுட்ட களிமண் உட்குழாய் அதைத் தாங்காமல் வெடித்து, விரிசல் வழியே வீட்டின் மரச்சட்டங்களுக்கு நெருப்பு பரவும். படிவு 3 மில்லிமீட்டர் அளவை எட்டினாலே துலக்கிவிட வேண்டும் என்பது பொது விதி. அடுப்பு முழுவதுமாக ஆறியபின் டார்ச் விளக்கும் ஒரு பழைய திருப்புளியும் கொண்டு குழாயின் அடிப்பகுதியை நீங்களே சுரண்டிப் பார்க்கலாம். ஆனால் படிவு பெரும்பாலும் குளிர்ந்த உச்சிப் பகுதியில்தான் தடித்திருக்கும் என்பதால், கீழே சுத்தமாகத் தெரிவதை நம்பிவிடக் கூடாது. அடுப்பை அரிதாகவே பயன்படுத்தினாலும் ஆண்டுக்கு ஒருமுறை சோதனை வேண்டும். பறவை கட்டிய கூடு ஒன்றே புகையை வீட்டுக்குள் திருப்பிவிடப் போதும்.

ஆளை அழைக்க ஏற்ற காலம், கடைசி நெருப்பு அணைந்த வசந்தம். இலையுதிர் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் நல்லவர்கள் கிடைப்பது கடினம். அதைவிட முக்கியமாக, செங்கல் பூச்சு வேலை ஏதேனும் தேவைப்பட்டால் உறைபனி வருவதற்குள் கலவை இறுகியாக வேண்டும். கோடை ஈரத்தில் ஊறும் கரி, நாற்றம் வீசுவதோடு உலோகப் பகுதிகளையும் அரிக்கும்.

தேர்ந்தெடுக்கும்போது முதலில் பயிற்சிச் சான்றிதழையும், வேலையின்போது நேரும் சேதத்துக்கான காப்பீட்டையும் கேளுங்கள். கனடாவில் விறகடுப்புத் துறைக்கான ‘வெட்’ (WETT), அமெரிக்காவில் புகைபோக்கிப் பாதுகாப்புக்கான சி.எஸ்.ஐ.ஏ. (CSIA) போன்ற அமைப்புகள் சான்றிதழ் தருகின்றன. ஜெர்மனியில் சட்டப்படியான சோதனைக்கு ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பொறுப்பான துப்புரவாளர் ஒருவர் இருக்கிறார். அடுத்து, கூரை உச்சியையும் பார்ப்பாரா, கேமரா இறக்குவாரா, படங்களுடன் எழுத்தில் அறிக்கை தருவாரா என்று கேளுங்கள். என் கருத்தில் தூரிகை போடுவதைவிடப் பார்த்துச் சொல்வதே இந்தத் தொழிலின் உயிர். பார்க்காமல் துலக்கிவிட்டுப் போகிறவரை மறுமுறை அழைக்க வேண்டாம். மிகக் குறைந்த கட்டணம் சொல்லி வந்து, புகைபோக்கி இன்றே இடிந்துவிடும் என்று அச்சுறுத்துபவரிடம், பழுதின் படத்தைக் காட்டச் சொல்லிவிட்டு இன்னொருவரின் கருத்தையும் கேட்ட பிறகே பணி கொடுங்கள்.

அவர் வருவதற்கு ஒரு நாள் முன்பே நெருப்பை நிறுத்திவிடுங்கள். பொறுப்பானவர் வந்ததும் தரையில் துணி விரித்து, அடுப்பின் வாயை மூடி, நுண்தூசியைப் பிடிக்கும் உறிஞ்சியை இயக்கிய பிறகே வேலையைத் தொடங்குவார். தூரிகை குழாயின் அளவுக்கும் வடிவத்துக்கும் பொருந்த வேண்டும். துருப்பிடிக்காத எஃகு உட்குழாயில் முரட்டுக் கம்பித் தூரிகை கீறல் உண்டாக்கும் என்பதால் அங்கே பெரும்பாலும் நெகிழி இழைத் தூரிகையே ஏற்றது. திறந்த கணப்படுப்பாக இருந்தால், புகைவழியைத் திறந்து மூடும் தகட்டின் பின்னுள்ள திட்டில் குவிந்த கரியையும் அள்ளிவிட்டாரா என்று பாருங்கள். பலர் தவறவிடும் இடம் அது.

நெருப்புக்கு அடுத்த எதிரி தண்ணீர். உறையும்போது தண்ணீரின் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுவதால், செங்கல்லின் மயிரிழை விரிசலில் புகுந்த மழைநீர் ஒவ்வொரு உறைபனிக்கும் அதை அகலமாக்குகிறது. ஆகவே உச்சியிலுள்ள சிமெண்டுத் தளம், அதன்மேல் உள்ள மூடி, கூரையோடு சேரும் இடத்து உலோகத் தகடு ஆகிய மூன்றையும் பனிக்காலத்துக்கு முன் சரிபார்க்க வேண்டும். செங்கல்லுக்குச் சாதாரண வண்ணம் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். ஆவியை வெளிவிடும் நீர்த்தடுப்புப் பூச்சே தகுந்தது. கடுங்குளிரில் மூடியின் வலைக்கண்களைப் பனி அடைத்துவிடுவதும் உண்டு. வீட்டைச் சூடேற்றும் எரிவாயு அடுப்பின் புகைபோக்கிக்கும் இது பொருந்தும்.

அன்றாடப் பழக்கமே படிவின் அளவைத் தீர்மானிக்கிறது. விறகின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். புதிதாகப் பிளந்த முகத்தில் ஈரமானியை வைத்து அளக்கலாம். காய்ந்த கட்டைகள் இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும், ஈரக்கட்டை மொத்தென்று அடங்கும். இரவு முழுதும் தணல் நிற்கட்டும் என்று காற்றை அடைத்துப் புகையவிடுவதுதான் கிரியோசோட்டுக்குப் பெரும் தீனி. சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, மரத்தளத்தில் படாமல் வையுங்கள். உள்ளிருக்கும் கங்கு சில நாள்கூட அணையாமல் இருக்கும். மணமற்ற நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடு கசிந்தால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி உறங்கும் அறைக்கு அருகே கட்டாயம் வேண்டும்.

புகைபோக்கியிலிருந்து ரயில் ஓடுவது போன்ற இரைச்சல் கேட்டால் உள்ளே தீப்பிடித்திருக்கலாம். எட்டும் தூரத்தில் இருந்தால் அடுப்பின் காற்றுவழியை மூடிவிட்டு, எல்லோரையும் வெளியேற்றித் தீயணைப்புத் துறையை அழையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். தீ தானாக அடங்கியதாகத் தோன்றினாலும், கேமரா வைத்து உட்குழாய் முழுவதையும் சோதித்து எழுத்தில் உறுதி பெறும்வரை அந்த அடுப்பை மறுபடி மூட்டக் கூடாது.