குண்டாஸ் போட்டுட்டாங்களா? மொதல்ல அந்த புக்லெட்ட எடுங்க

வீட்டுல ஒருத்தர் மேல குண்டாஸ் (தடுப்புக் காவல் சட்டம்) போட்டதும் எல்லாரும் சொல்றது "எங்க புள்ள எதுவும் பண்ணலைங்க"ன்னுதான், அது உண்மையாவே இருக்கலாம், ஆனா ஹேபியஸ் கார்பஸ் மனுவுல (உள்ள வெச்சது சட்டப்படி சரியான்னு கேக்கற ஆட்கொணர்வு மனு) ஹைகோர்ட் அத விசாரிக்காது. கலெக்டரோ கமிஷனரோ மனச செலுத்தி, சட்டப்படி ஆர்டர் போட்டாரான்னுதான் பாக்கும். அதனால தேதியையும் பேப்பரையும் புடிங்க.

குண்டாஸ்னு சொல்ற 1982ஆம் வருஷ தமிழ்நாடு சட்டம் 14 படி, உள்ள வெச்ச 5 நாளுக்குள்ள காரணங்கள கையில குடுக்கணும், ஆர்டர் போட்டு 12 நாளுக்குள்ள கவர்மென்ட் அப்ரூவ் பண்ணணும், உள்ள வெச்ச 3 வாரத்துக்குள்ள அட்வைசரி போர்டுக்கு (காவல் சரியான்னு பாக்கற ஆலோசனைக் குழு) அனுப்பணும். இத ஒரு காலண்டர்ல குறிச்சு வெச்சுக்கோங்க.

காரணங்கள் கைக்கு வந்த அந்த வாரமே கவர்மென்டுக்கும், ஆர்டர் போட்டவருக்கும் ரெப்ரசென்டேஷன் (ஆர்டர ரத்து பண்ணச் சொல்லி எழுத்துல கோரிக்கை) அனுப்பிடுங்க, ரிஜிஸ்டர் தபால் ரசீத தொலைச்சிடாதீங்க. அரசியல் சாசனம் 22(5) குடுத்த உரிமை இது, பதில் சொல்ல லேட் ஆனா அந்த லேட்டுக்கு அவங்கதான் விளக்கம் சொல்லணும். 1998ல ராஜம்மாள் வழக்குல, மந்திரி டூர்ல இருந்தாருன்னு ஃபைல் ஒரு 5 நாள் தேங்கினதுக்கே சுப்ரீம் கோர்ட் ஆர்டர ரத்து பண்ணுச்சு.

அடுத்து புக்லெட், அதாவது காரணங்களோட சேத்து அவர் கையில குடுக்கற ஆவணக் கட்டு. அவசரப்படாம ஒவ்வொரு பக்கமா திருப்பிப் பாருங்க, ஜெராக்ஸ் மங்கி எழுத்தே தெரியாத பக்கம் இருக்கா, ரிமாண்ட் ஆர்டர் (ஜெயில்ல வைக்கச் சொல்லி கோர்ட் போட்ட ஆர்டர்) இங்கிலீஷ்ல மட்டும் இருந்து தமிழ்ல காப்பி இல்லாம இருக்கா, அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்னா இது ரொம்ப வலுவான பாயிண்ட். அப்புறம் "பெயில்ல வெளிய வந்துருவார்"னு எழுதியிருப்பாங்க, அங்க நல்லா நின்னு படிங்க. பெயில் மனுவே போடலன்னா எத வெச்சு அப்படி சொன்னாங்க? இதே மாதிரி வேற கேஸ்ல பெயில் குடுத்தாங்கன்னு காட்டினா அந்த கேஸோட விவரம் இருக்கா, அது நிஜமாவே இதே மாதிரி கேஸ்தானா? சுப்ரீம் கோர்ட்டோட 2011 ரேகா வழக்கு முக்கியமா இந்த விஷயம்தான்.

ரெண்டு பேருக்குள்ள நடந்த அடிதடி பொது ஒழுங்க, அதாவது அந்த ஏரியா மக்களோட இயல்பு வாழ்க்கைய, கெடுத்துச்சான்னும் கேளுங்க, சாதாரண சட்டம் ஒழுங்கு பிரச்சனைக்கு இந்த ஆர்டர் தாங்காது.

மனுவ அம்மா, அப்பா, மனைவி யார் வேணும்னாலும் போடலாம், தென் மாவட்டம்னா மதுரை பெஞ்ச்ல. அதிகபட்சம் 12 மாசம்தான் உள்ள வெக்க முடியும், அதனால பத்தாவது மாசம் ஜெயிச்சு பிரயோஜனம் கம்மி, இப்பவே போடுங்க. ஆர்டர் ரத்தானாலும் மூல கேஸ் அப்படியே இருக்கும், அதுக்கு பெயில் தனியா வாங்கினாதான் ஆள் வீட்டுக்கு வருவார், அந்த வேலையையும் கூடவே பாத்துக்கோங்க.